மண்ணுக்குரியதை மண்ணுக்கே கொடுப்போம்



உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், அதே வசனத்தில் (7:31) வீண்விரயத்தைத் தடுத்துள்ளான். விரயம் என்றதும் தட்டில் மிஞ்சும் சோறுதான் நம் நினைவுக்கு வருகின்றது. காய்கறித் தோலையும் கீரைத்தண்டையும் பிளாஸ்டிக் பையில் முடிந்து வாறுகாலில் எறிவதை நாம் விரயமாகவே எண்ணுவதில்லை. பாதையின் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று ஓதிய நாமே பாதையில் இடையூறைப் போடுகின்றோம்.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பியே அங்கு உளுந்தும் கம்பும் பருத்தியும் விளைகின்றன. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் அம்மண்ணில் மக்கு குறைவு. மக்கு சேர்ந்தால்தான் மண் பொலபொலப்பாகும். பெய்த மழை உள்ளிறங்கித் தங்கும். நாம் வாறுகாலில் எறிவது அந்த மண்ணின் உணவாகும்.

சென்னை நியூ கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிய டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் அவர்கள் மண்புழு ஆய்விலேயே பல்லாண்டுகள் ஈடுபட்டவர். அயல்நாட்டுப் புழுவைத் தேடாமல், நம் மண்ணுக்குரிய புழுக்களைக் கொண்டே உரம் செய்யும் முறையைப் பரப்பினார்.

நிழலில் ஒரு தொட்டி போதும். அடியில் உடைகல், மணல், அதன்மேல் மண். ஆறிய சாணத்தைத் தூவிப் புழுவை விடவேண்டும். பச்சைச் சாணத்தின் சூட்டில் புழு மடிந்துவிடும். பின்னர்க் கழிவையும் காய்ந்த சருகையும் மெல்லிதாகப் பரப்பி, ஓலையால் மூடி, ஈரம் காக்கவேண்டும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் தேயிலைத் தூள் போன்ற உரம் கிடைக்கும். நீர் தெளிப்பதை நிறுத்திக் கூம்பாகக் குவித்தால் புழுக்கள் அடியில் இறங்கிவிடும்.

சாணம் அசுத்தமாயிற்றே என்று சிலர் தயங்குகின்றனர். அதை எருவாக இடுவதை ஃபிக்ஹு அறிஞர்கள் பலர் அனுமதித்துள்ளனர். கையையும் ஆடையையும் கழுவித் தொழுகைக்கு நிற்கலாம். ஆனால் வலீமா விருந்தில் மிஞ்சிய பிரியாணியை மட்டும் தொட்டியில் கொட்டாதீர்கள். எண்ணெயும் உப்பும் எலும்பும் புழுவுக்கு ஆகாதவை. அது ஏழையின் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய உணவு!

இவ்வறண்ட பூமியில் ஈரத்துக்கு நீர் ஏது என்கின்றீர்களா? பள்ளிவாசலில் ஒளூச் செய்த நீர் ஐவேளையும் சாக்கடையில்தான் கலக்கின்றது. பள்ளி வளாகத்து வேம்படியில் ஒரு தொட்டி கட்டி, அந்நீரைத் தெளித்தால் என்ன?

ஒரு தொட்டி உரம் ஓர் ஏக்கருக்குக் காணாது. மிளகாய் நாற்றங்காலுக்கும் கொல்லை முருங்கைக்கும் போதும். ஆடித் தொடக்கத்தில் புழுவை விட்டால் புரட்டாசி மழைக்கு முன் உரம் கைக்கு வந்துவிடும்.