கோரைக்கும் ஒரு முகவரி உண்டு
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"எஞ்சினியருக்குச் செடி கொடியில் என்ன வேலை?" என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். பிழைப்பு, அளவுக் கருவிகள் செய்வது. சில ஆண்டுகளாகக் காடுகளில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு மண் ஈரம், வெப்பம் பதிவு செய்யும் கருவிகளைச் செய்து கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்ட இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். ஒரு செடியைப் பற்றிச் சரியான தகவல் எங்கே கிடைக்கும்? அந்தத் துறையில் நமக்கு வேலை உண்டா?

முதலாவதற்கு நம் ஊர்க் கோரையையே எடுத்துக்கொள்வோம். முசிறி, தொட்டியம் பக்கம் பாய் நெய்வதற்காகப் பயிரிடுகிறோமே, அது கோரை. வயலில் பிடுங்கப் பிடுங்க முளைக்கிறதே, கிழங்கு வைக்கும் களை, அதுவும் கோரைதான். வயலில் நிற்கும் நம் அப்பத்தா குழம்பமாட்டார். கம்ப்யூட்டரில் தேடுகிற பேரன்தான் குழம்புவான். பாய்க் கோரை சைப்பிரஸ் பங்கோரி. களைக் கோரை சைப்பிரஸ் ரொட்டண்டஸ். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு செடி. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் "அந்தப் பெரிய போல்ட் ஒண்ணு குடுங்க" என்றால் நடக்குமா? பார்ட் நம்பர் வேண்டும். லத்தீன் பெயர் செடியின் பார்ட் நம்பர். ஒரே செடிக்குப் பழைய பெயர்கள் பலவும் இருக்கும். இன்று ஏற்கப்பட்ட பெயர் எது என்பதை லண்டன் கியூ தோட்டத்தாரின் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

சரி, கையில் இருக்கும் செடிக்கு அந்தப் பெயர்தான் என்று யார் உறுதி சொல்வது? அதற்கு லண்டன் போக வேண்டாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் புனித வளனார் கல்லூரி. அதற்குள் ராப்பினட் ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய செடிகளைப் பாதுகாக்கும் கூடம், 1967-இல் இருந்து இருக்கிறது. அதைத் தொடங்கியவர் அருட்தந்தை கே.எம். மேத்யூ. அவரும் அவருடைய குழுவினரும் சமவெளியிலும் கொல்லிமலை, பச்சைமலை போன்ற மலைகளிலும் அலைந்து செடிகளைச் சேகரித்தார்கள். அந்த உழைப்பு 1981-இலிருந்து 'தமிழ்நாடு கர்நாட்டிக் தாவரங்கள்' என்னும் ஆங்கில நூல் தொகுதிகளாக வந்தது. 1991-இல் மத்தியத் தமிழகத்துக்கென்றே ஒரு கையேடும் வெளியிட்டார். அவர் 2004-இல் மறைந்தார், தாள்கள் இருக்கின்றன.

ஹெர்பேரியத் தாள் ஒன்றைப் பார்த்தால் நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. பூவோடு அழுத்தி உலர்த்திய செடி, சேகரித்தவர் பெயர், எண், தேதி, இடம், உயரம். டெஸ்ட் ரிப்போர்ட்டும் சாம்பிளும் ஒரே தாளில்! ஐம்பது வருஷம் கழித்துச் சந்தேகம் வந்தாலும் சாம்பிளையே எடுத்துப் பார்க்கலாம். ஓர் ஏரிக்கரையில் அன்று இருந்த செடி இன்று இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், அந்தத் தாளைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

அங்கே போகிறவர்கள் வெறும் இலையைக் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். பூவும் காயும் சேர்ந்த கிளை, எடுத்த இடம், தேதி, ஊரில் சொல்லும் பெயர் எல்லாம் வேண்டும். போகுமுன் கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள். கோவையில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகமும், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இதே போன்ற சேகரிப்பை வைத்திருக்கின்றன. வாழை ரகம் பற்றி என்றால், 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியிலேயே இருக்கிறது.

இனி வேலை விஷயம். முதுமலையில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-இல் ஐம்பது ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ள மரங்களுக்கெல்லாம் எண் மாட்டினார்கள். எது வளர்ந்தது, எது செத்தது என்று பல ஆண்டுகளாகக் கணக்கு எடுத்தார்கள். இப்படிச் சேரும் விவரத்தை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும். செயற்கைக்கோள் படத்தைப் படிக்க ஆள் வேண்டும். மழையிலும் எறும்பிலும் யானைக் காலிலும் தப்பிப் பிழைக்கும் கருவி செய்ய ஆள் வேண்டும். இதெல்லாம் நாம் படித்த வேலைதானே!

வழிகள் இருக்கின்றன. கேட் தேர்வில் சூழலியலும் பரிணாமமும் என்று தனித் தாளே உண்டு. பி.இ. முடித்து கேட் தேறியவர்களை மத்திய அரசின் நிதி பெறும் ஆய்வுத் திட்டங்களில் ஜே.ஆர்.எஃப். ஆக எடுக்க விதி இடம் தருகிறது. பெங்களூர் என்.சி.பி.எஸ். நிறுவனத்தின் வனஉயிர் முதுநிலைப் படிப்பு எந்தத் துறைப் பட்டதாரிக்கும் கதவைத் திறந்து வந்திருக்கிறது.

ஒளிக்காமல் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். கல்விக் கடன் தலைக்கு மேல் இருக்கும் வீட்டுப் பிள்ளை அப்பாவிடம் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். என்னைப் போல் கம்பெனி வேலையில் இருந்துகொண்டே ஆராய்ச்சியாளர்களுக்குக் கை கொடுப்பதும் ஒரு வழிதான். அவர்களுக்கு எழுதும்போது "ஏதாவது வேலை இருக்கிறதா சார்" என்று மட்டும் எழுதாதீர்கள். அவர்களுடைய கட்டுரை ஒன்றைப் படியுங்கள். "இந்த அளவீட்டை நான் இப்படிச் செய்து தர முடியும்" என்று நாலு வரி எழுதுங்கள். பதில் வர அதுவே நல்ல வழி.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி வளாகத்திலும் பக்கத்து வாய்க்கால் கரையிலும் உள்ள செடிகளை ஒரு வருஷம், மாதாமாதம், தேதியோடு பதிவு செய்யுங்கள். பெயர்களைத் திருச்சியில் சரிபாருங்கள். அடுத்த சந்திப்பு மலரில் அந்தப் பட்டியல் அச்சாகட்டும். அச்சுச் செலவில் என் பங்கை நான் தருகிறேன்.