அதிர்ஷ்டம் என்பது என்ன?
(ஒரு வாசகசாலை ஆண்டுவிழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "இங்கிலீஷில் அதிர்ஷ்டத்தைக் குறிக்கும் வார்த்தைகள்" என்பதாகும். இதைப் பேச நான் பண்டிதனல்ல. பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவன். அச்சாபீசில் எழுத்துக் கோத்து, கோத்த வார்த்தைக்கு அர்த்தம் என்னவென்று அகராதியைப் புரட்டிப் புரட்டித் தெரிந்துகொண்டவன். ஆகவே நான் சொல்லுவதை உங்கள் புத்தியைக் கொண்டு அலசிப் பார்த்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலில் நம் வீட்டு வார்த்தையைப் பார்ப்போம். அதிர்ஷ்டம் என்பது வடமொழி. திருஷ்டம் என்றால் காணப்பட்டது. அதிருஷ்டம் என்றால் காணப்படாதது. வார்த்தையின் நேர்ப்பொருள் அவ்வளவுதான். காரணம் நமக்குத் தெரியவில்லை என்று நாமே ஒப்புக்கொண்ட ஒரு வார்த்தையை ஏதோ ஒரு சக்தியின் பெயராக்கிக்கொண்டு, அதற்காக ஜாதகம் பார்ப்பதும், கல் மோதிரம் போடுவதும், பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக் கொள்வதும் எவ்வளவு வேடிக்கை பாருங்கள்!

இனி இங்கிலீஷுக்கு வருவோம். அதில் இதற்குப் பல வார்த்தைகள் உண்டு, எல்லாம் ஒன்றல்ல. "சான்ஸ்" என்பது விழுதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பகடை விழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு முகத்தில் எது விழுவதற்கும் ஆறில் ஒரு பங்கு இடமுண்டு. இதில் தேவதைக்கு வேலையில்லை, கணக்குக்குத்தான் வேலை. 1654-இல் பாஸ்கல், பெர்மா என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் சூதாட்டப் பணத்தைப் பங்கிடுவது பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அதிலிருந்து வளர்ந்த கணக்கை வைத்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிழைக்கின்றன.

"லக்" என்பது வேறு. சான்ஸ் சம்பவத்தைச் சேர்ந்தது. லக் மனிதனைச் சேர்ந்தது. "அவன் லக்குள்ளவன்" என்று சொல்லும்போது, விழுந்த பகடையின் குணத்தை எடுத்து, உருட்டினவன் நெற்றியில் ஒட்டிவிடுகிறோம். இங்கேதான் மூட நம்பிக்கைக்குக் கதவு திறக்கிறது.

"பார்ச்சூன்" இன்னும் ஒரு படி மேலே. ரோமாபுரியில் அது ஒரு பெண் தெய்வத்தின் பெயர்; கையில் சக்கரம், கோவில், பூசை எல்லாம் உண்டு. பிற்காலத்தில் அதே வார்த்தைக்குப் பெருஞ்செல்வம் என்றும் அர்த்தம் வந்துவிட்டது. பணக்காரனிடம் இருக்கும் பணத்துக்கும், அது எப்படி வந்தது என்ற கேள்விக்கும் ஒரே பெயர்! பிறகு கேள்வி எங்கே பிறக்கும்? ஏழைகளை "பார்ச்சூன் குறைந்தவர்கள்" என்று மரியாதையாகச் சொல்லுவதும் இந்தக் காரணத்தால்தான். கூலி குறைந்தவர்கள் என்று சொன்னால், குறைத்தவன் யார் என்று கேட்க வேண்டி வருமல்லவா?

"ஹாப்பி" என்றால் சந்தோஷம் என்று நமக்குத் தெரியும். ஆதியில் அதற்கும் நல்ல லக்குள்ளவன் என்றே பொருள். இன்பம் தானாக வந்து விழ வேண்டியது என்று அக்காலத்து மக்கள் நினைத்ததற்கு அந்த வார்த்தையே சாட்சி.

"ப்ளூக்" என்பது பில்லியர்ட்ஸ் மேஜையில் பிறந்தது. குறி வைக்காமல் அடித்த பந்து குழியில் விழுந்தால் ப்ளூக். பிறரை மட்டந்தட்டுவதற்கு மிகவும் உதவும் வார்த்தை. தன் பிள்ளை தேறினால் திறமை, கூலிக்காரன் பிள்ளை தேறினால் ப்ளூக்!

மேல்படியில் "காட்செண்ட்" இருக்கிறது; கடவுள் அனுப்பியது என்று அர்த்தம். கடலோரத்துக் குடிகள் உடைந்து கரை ஒதுங்கிய கப்பலையும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். கரையில் இருந்தவனுக்கு மரமும் சரக்கும் கடவுள் அனுப்பினார் என்றால், கப்பலில் இருந்தவனுக்கு அனுப்பியது யார்?

நிற்க. "செரண்டிபிட்டி" என்று ஒரு வார்த்தை உண்டு. 1754-இல் ஹோரேஸ் வால்போல் என்பவர் ஒரு கடிதத்தில் உண்டாக்கியது. செரண்டிப் என்பது இலங்கைக்குப் பழைய பெயர். அத்தேசத்து மூன்று ராஜகுமாரர்களைப் பற்றிய கதையை வைத்து, தேடாத பொருளைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டுபிடிப்பதற்கு இப்பெயரிட்டார். கூர்மதி என்பதை மறந்துவிடக் கூடாது. 1928-இல் லண்டனில் அலெக்சாண்டர் பிளமிங் வைத்திருந்த கிருமித் தட்டில் பூஞ்சணம் விழுந்தது. விழுந்தது சான்ஸ். அதைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருப்பதைக் கவனித்தது புத்தி. அதை மருந்தாக்க ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின் முதலானோர் பட்ட பாடு பல வருஷத்து உழைப்பு. 1945-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எத்தனையோ தட்டில் பூஞ்சணம் விழுந்திருக்கும். கழுவி வைத்தவர்களே அதிகம்.

கடைசியாக ஒன்று. நான் வாலிபனாய் வேலை பார்த்த ஓர் அச்சாபீசில், காகிதம் வெட்டும் இயந்திரத்தில் என்னோடிருந்த ஒரு தோழருக்கு இரண்டு விரல்கள் போயின. முதலாளி "பாவம், அவன் அதிர்ஷ்டம் அவ்வளவுதான்" என்றார். தோழரும் கட்டுப்போட்ட கையோடு "என் தலையெழுத்து, அண்ணே" என்றார். வீட்டிலோ, ராசியில்லாத மருமகள் வந்த நேரம் என்று அந்தப் பெண்ணைப் பழித்தார்கள். நான் கண்ணால் கண்டது என்ன? வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று, கத்திக்கு முன்னால் இருந்த காப்புத் தகட்டை ஒரு மாதத்துக்கு முன்பே கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். காணப்படாதது ஒன்றுமில்லை, தோழர்களே! தகடு மூலையில் எல்லாருக்கும் தெரியும்படிதான் கிடந்தது. அன்று எனக்கும் வாய் திறக்கத் தைரியமில்லை. அந்த வெட்கந்தான் இன்று என்னைப் பேசச் செய்கிறது.

ஆகவே, சான்ஸ் உலகத்தில் இல்லை என்று நான் சொல்லவில்லை. பகடை விழும், காற்றும் அடிக்கும். ஆனால் "அதிர்ஷ்டம்" என்று யாராவது சொல்லும்போது, விழுந்தது பகடையா, கழற்றப்பட்ட தகடா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, தகட்டை எடுத்து மாட்டச் சொல்லுங்கள்.