மாத்திரையை நிறுத்தும் முன் ஒரு கேள்வி
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன் என்று பேசுகிற நாம் இன்று குழந்தைக்கான சிகிச்சையைப் பற்றிப் பேசுவோம். காரணம் இருக்கு. எங்கள் களப்பணியில் ஒரு உறுப்பினரைச் சந்தித்தோம். குழுக்கடன் வாங்கி, தோட்டையும் அடகு வைத்து டெஸ்ட் டியூப் சிகிச்சைக்குப் போனவர். கரு வைத்த பத்தாம் நாள் லேசாக ரத்தம் பட்டது. "எல்லாம் போச்சு"ன்னு மாத்திரையை அவரே நிறுத்திவிட்டார். நிறுத்தக்கூடாது என்று யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை.

உள்ளே என்ன நடக்குது? மாதவிலக்கு முடிந்ததும் கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலிசாக இருக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதைத் தடிமனாக வளர்க்கும். பிறகு புரோஜெஸ்டிரோன் வந்து, கரு ஒட்டிக்கொள்ளும்படி அதைப் பக்குவப்படுத்தும். சேறு அடிக்காம நாத்து நடுவோமா? அது மாதிரிதான். சிகிச்சையில் இந்த புரோஜெஸ்டிரோனைத்தான் மாத்திரையாகவோ ஊசியாகவோ தருகிறார்கள். லேசா ரத்தம் பட்டாலும் கரு தங்கியிருக்கலாம். அதனால் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொன்ன பிறகுதான் நிறுத்த வேண்டும்.

ஸ்கேனில் சவ்வு 7 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பொதுவாகத் திருப்தி. குறைந்தால் வாய்ப்பு குறையலாம். ஆனால் அறவே இல்லை என்று அர்த்தமில்லை. கருவை உறைய வைத்து, சவ்வு வளர்ந்த பிறகு வேறொரு மாதம் வைக்கவும் முடியும். பலமுறை கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தது, கர்ப்பப்பைக் காசநோய் இவற்றாலும் சவ்வு மெலிந்து போகும். காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

எல்லா அளவும் சரியா இருந்தும் கரு தங்காமல் போவதுண்டு. பல நேரம் குறை கருவிலேயே இருக்கும். பெண்ணுக்கு வயது கூடக் கூட இது அதிகமாகும். ஆணின் விந்தணுவிலும் குறை இருக்கலாம். "குடம் தூக்கினா, படி ஏறினா, அதான் தங்கல"ன்னு சொல்வது சரியில்லை. கரு வைத்த பின் படுத்தே கிடப்பதால் வாய்ப்பு கூடுவதும் இல்லை.

எனவே, கேட்டு நோட்டில் எழுதி வாங்குங்கள்:

1. கணவருக்கு விந்துப் பரிசோதனை ஆச்சா?
2. என் சவ்வின் அளவு எத்தனை?
3. எந்த மருந்து, எந்த நாள் வரை?
4. இந்த முறை தங்காவிட்டால் அடுத்து என்ன, செலவு எவ்வளவு?
5. 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த மையம் பதிவு பெற்றதா?

கடன் தீர்மானம் எழுதும் முன் குழுவும் இந்த நோட்டைச் சேர்ந்து பார்க்கட்டும். அந்த உறுப்பினர் இப்போது வளைகாப்பு வீடுகளுக்குப் போவதில்லை. யாரும் கூப்பிடுவதும் இல்லை. மருந்தைப் பற்றிச் சொல்ல டாக்டர் இருக்கிறார். அவரைக் கூப்பிட வேண்டியது நாமதான்.