சடங்குக்கு முன்பே அளப்போம்: கரிவலம்வந்தநல்லூர் கருத்தரங்கத் தலைமை உரை



குழந்தைகளின் வளர்ச்சிக் கோளாறு, பருவமடைதல் கோளாறு பற்றிப் பேச நகரத்தில் எத்தனையோ அரங்குகள் உண்டு. பால்வண்ணநாதர் கோயிலூரான இங்கே நாம் கூடியிருப்பதற்குக் காரணம், இந்தக் கோளாறுகள் முதலில் கண்ணில் படக்கூடிய இடம் அங்கன்வாடியும் வகுப்பறையும்தான்.

நம் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் ஊருக்கே தெரியும். தாய்மாமன் சீர் வரும், உளுந்தங்களி கிண்டுவார்கள். பருவம் அன்றுதான் தொடங்கியதாக நினைக்கிறோம். உடலின் கணக்கு வேறு. மார்பு அரும்புவதே தொடக்கம். முதல் மாதவிடாய் வருவது சுமார் இரண்டு, இரண்டரை ஆண்டு கழித்து. பிள்ளை மளமளவென்று உயரும் காலம் அதற்குள் கடந்துவிடுகிறது. பிறகு பெரும்பாலோர் 5 முதல் 7 செ.மீ. வரைதான் வளர்வார்கள். “சடங்கு முடிஞ்சும் பிள்ளை வளரலையே டாக்டர்” என்று தாய் வந்து நிற்கும்போது, செய்யக்கூடியது சொற்பமே. நம் பார்வையைச் சில ஆண்டுகள் முன்னுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே நான் இங்கே வைக்கும் கோரிக்கை.

பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கினாலும், 13 வயது முடிந்தும் தொடங்காவிட்டாலும் பரிசோதனை அவசியம். ஆண்பிள்ளைக்கு இந்த எல்லைகள் 9, 14. அவனுக்குச் சடங்கும் இல்லை, சீரும் இல்லை. விரை 4 மி.லி. அளவை எட்டுவதே தொடக்கம். மருத்துவர் பார்த்தாலொழியத் தெரியாது. சீக்கிரமே பருவமடையும் பிள்ளை முதலில் வகுப்பிலேயே உயரமாக நிற்கும். பெற்றோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் எலும்பின் வளர்முனைகள் முன்கூட்டியே மூடிவிடுவதால் முடிவில் குட்டையாகிவிடும்.

ஒருநாள் எடுத்த உயரம் பிள்ளையின் வளர்ச்சி வேகத்தைச் சொல்லாது. பிரான்சில் மோன்பெயார் என்பவர் 1759 முதல் 1777 வரை தம் மகனை அளந்துகொண்டே வந்தார். வளர்ச்சியின் வேகம் அந்தக் கணக்கிலிருந்துதான் புலப்பட்டது. நான்கு வயது முதல் பருவம் தொடங்கும்வரை ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர வேண்டும். 4-க்குக் கீழே இறங்கினால் காரணம் தேட வேண்டும். ஆறு மாத வளர்ச்சி இரண்டரை செ.மீ.தான் என்றால், அளப்பதில் 1 செ.மீ. பிசகினாலே கணக்கு கவிழ்ந்துவிடும்.

ஆகவே செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். பின்னந்தலை சுவரில் படாமல் தடுக்கும் பூவையும் கிளிப்பையும் எடுத்துவிடுங்கள். குதிகால், பிட்டம், தோள்பட்டை சுவரில் படட்டும். காதுத் துளையும் கண்ணின் கீழ் விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்கட்டும். சுவரில் பெயின்ட் அடித்த அளவுகோலின் பூஜ்யம் உண்மையில் தரையில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை டேப் வைத்துப் பாருங்கள். பள்ளிப் பதிவேட்டிலுள்ள பிறந்த தேதி சில வேளை சேர்க்கைக்காக எழுதிய தேதியாக இருக்கும். தடுப்பூசி அட்டையோடு ஒப்பிடுங்கள். வயது தப்பினால் வரைபடமும் தப்பு.

“நம்ம ஊர்ப் பிள்ளைக இப்படித்தான்” என்பதும் சரியான பதில் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஐந்து வயதுவரையிலான அளவைகள் இந்தியா உள்பட ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து உருவானவை. நல்ல ஊட்டமும் தாய்ப்பாலும் கிடைத்த குழந்தைகள் எங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். 5 முதல் 18 வயதுக்கு இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2015 வரைபடம் இருக்கிறது. பெற்றோர் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். தந்தை 168, தாய் 154 என்றால் கூட்டி, மகளுக்கு 13 கழித்து, மகனுக்கு 13 கூட்டி, பாதியாக்குங்கள்: மகளுக்கு 154.5, மகனுக்கு 167.5 செ.மீ. எதிர்பார்க்கலாம்.

குள்ளமான பிள்ளைகள் எல்லோரும் நோயாளிகள் அல்லர். பலருக்குக் குடும்பவாகு; சிலருக்குப் பருவம் தாமதமாக வரும், அவ்வளவே. இவர்களை உயரம் கூட்டும் மாவு விற்பவர்களிடம் அனுப்பாமல் தைரியம் சொல்லுங்கள். வேகம் குறைந்தவர்களுக்கு தைராய்டு பரிசோதனை, எலும்பு வயது அறிய இடதுகை எக்ஸ்ரே தேவை. காரணம் விளங்காமல் குட்டையாக இருக்கும் பெண்பிள்ளைக்குக் குரோமோசோம் சோதனையும் வேண்டும். சுமார் 2,500 பெண்குழந்தைகளில் ஒருவருக்குக் குரோமோசோம் கோளாறான டர்னர் குறைபாடு உண்டு.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தின் நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை, பள்ளிக்கு ஒருமுறை வர வேண்டும். அன்றைய அளவோடு சென்ற ஆண்டு அளவையும் ஒரே தாளில் அருகருகே எழுதிக் கொடுங்கள். அப்படியொரு தாளை இக்கருத்தரங்கு முடிவதற்குள் வடிவமைத்துத் தருமாறு கேட்டுக்கொண்டு, அமர்வுகளைத் தொடங்கிவைக்கிறேன்.