வெள்ளம் வருமுன்னே அணை

2014 டிசம்பரில் கிளந்தானில் பெருவெள்ளம் வந்தபோது, கோல கிராய் மருத்துவமனையையே நீர் சூழ்ந்தது, மின்சாரம் நின்றது. நோயாளிகளை ஹெலிகாப்டரில் ஏற்றி வேறிடம் சேர்க்க வேண்டியதாயிற்று. மருத்துவரும் தாதியரும் எவ்வளவு உழைத்தாலும், ஜெனரேட்டர் மூழ்கினால் என்ன செய்ய முடியும்?

வெள்ளம் வடிந்தாலும் ஆபத்து வடிவதில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள கீறல் வழியே புகுந்து எலிக்காய்ச்சலைத் தரும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்வோம். வெள்ளத்தில் நடந்ததையும் சொல்வோம்.

நவம்பர் மழைக்கு முன்பே மருந்து இருப்பும், மேட்டில் ஜெனரேட்டரும் வேண்டுமெனக் கேட்போம். கர்ப்பிணிகள், நீரிழிவு நோயாளிகள், டயாலிசிஸ் செய்வோர் பெயர்களைப் பால்மரத் தொழிலாளர் வீடு வீடாகச் சேர்க்கட்டும். கிராணிமார் பட்டியலாக எழுதட்டும். முதல் படகு அவர்கள் வாசலுக்கே போகவேண்டும்!