கடைக்காரர் அறிந்ததும் கம்பெனி அறிந்ததும்



பெங்களூரில் சிவாஜிநகர் என்று ஒரு பகுதி இருப்பதை அந்த நகரத்துத் தமிழர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் இருந்து கேட்கும் அன்பர்களுக்காகச் சில வார்த்தைகள் சொல்கிறேன். ஆங்கிலேயர் 1809ஆம் ஆண்டில் பெங்களூரில் தம் படைகளுக்குத் தண்டு அமைத்தபோது, சிப்பாய்களுக்குப் பின்னால் கொத்தரும் தச்சரும் வண்டிக்காரரும் வணிகரும் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறினார்கள். அவர்கள் தங்கிய இடங்களுள் ஒன்று, அந்நாளில் பிளாக்பள்ளி என்று வழங்கிய இந்தச் சிவாஜிநகர். 1927இல் எழுப்பப்பட்டு 1933இல் திறந்து வைக்கப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட் இதன் நடுநாயகம். அங்கே தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளிலும் பேரம் நடக்கும்.

அந்த மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில், என் உறவினர் குடும்பம் நாற்பது ஆண்டுகளாகச் சாமான் வாங்கிவரும் மளிகைக் கடை உண்டு. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் அழைப்பார்கள். அந்த வீட்டைப் பற்றி அவர் அறியாதது சொற்பம். பெரியம்மாவுக்கு நீரிழிவு கண்ட மாதத்திலிருந்து சர்க்கரை பாதியாயிற்று. பையன் புனாவுக்கு வேலைக்குப் போனதும் அரிசி குறைந்தது. கார்த்திகை வந்தால் பொரி வேண்டும். இவ்வளவும் அவர் தலையிலும் ஒரு நீளமான கணக்கு நோட்டிலும் இருக்கின்றன. "தஞ்சாவூர்ப் புழுங்கல் வந்திருக்கிறது, பெரியம்மா" என்று அவர் சொல்லும்போது, அதுவும் ஒருவகையில் விளம்பரம்தானே? ஆள் அறிந்து, வேளை அறிந்து செய்யும் விளம்பரம்.

ஆகவே, வாங்குபவரின் பழக்கத்தை விற்பவர் தெரிந்துகொள்வது இணையம் வந்த பிறகு ஏற்பட்ட புதுமை அன்று. ஆனால் பாய் நம்மைப் பார்க்கும்போது நாமும் அவரைப் பார்க்கிறோம். தம் கடையில் நாம் வாங்கியதை மட்டுமே அவர் அறிவார். அங்கிருந்து கிளம்பி மருந்துக் கடைக்குப் போனோமா, அடகுக் கடைக்குப் போனோமா என்று அவர் பின்தொடர்ந்து வருவதில்லை. கைபேசியின் வழியாக நம்மை அறிந்துகொள்ளும் கம்பெனிகள் அப்படிப் பின்தொடர்ந்து வருகின்றன.

அது நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் ஒரு செயலியையோ இணையப் பக்கத்தையோ திறக்கிறோம். அதில் விளம்பரத்துக்கென்று ஒரு காலியிடம் இருக்கிறது. பக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரிவதற்குள் அந்த இடம் ஏலத்துக்கு விடப்படுகிறது. இந்தக் கைபேசியை வைத்திருப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், எந்த மொழியைப் படிக்கிறார், நேற்று எந்தப் பொருளைத் தேடினார் என்ற விவரங்கள் ஏலம் கேட்பவர்களுக்குப் போகின்றன. எவர் அதிகம் கொடுக்கிறாரோ அவருடைய விளம்பரம் வந்து உட்காருகிறது. நாம் கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ரஸ்ஸல் மார்க்கெட்டில் மீன் ஏலம் விடுவோர் இந்த வேகத்தைக் கண்டால் மூக்கில் விரல் வைப்பார்கள்.

இந்த வியாபாரத்தில் உலக அளவில் பெயர் பெற்ற இந்தியக் கம்பெனி ஒன்று பெங்களூரிலேயே வளர்ந்தது. 2007ஆம் ஆண்டில் தொடங்கிய இன்மோபி என்பது அதன் பெயர். 2016இல் அதன் பதிவு சிங்கப்பூரில் இருந்தது. ஆயிரக்கணக்கான செயலிகளுக்குள் விளம்பரங்களைக் கொண்டுசேர்ப்பது அதன் தொழில். 100 கோடிக்கும் மேற்பட்ட கருவிகளைத் தன் விளம்பரங்கள் எட்டியிருப்பதாக அது கூறியது. 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற வணிகக் கண்காணிப்பு அமைப்பு இக்கம்பெனியின் மீது ஒரு குற்றச்சாட்டை முன்வைத்தது. இருக்குமிடத்தை அறிய அனுமதி தந்தவர்களை மட்டுமே கண்காணிப்போம் என்று சொல்லிவிட்டு, அனுமதி மறுத்தவர்களையும் சேர்த்துப் பல கோடிப் பேர் இருக்கும் இடத்தைக் கண்டறிந்தது என்பதே அது.

அனுமதி மறுத்தவரின் இருப்பிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் வைஃபை வசதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வைஃபை பெட்டிக்கும் தனக்கே உரிய அடையாள எண் ஒன்று உண்டு. முருகன் என்பவர் அங்கே தேநீர் அருந்துகிறார். தம் இருப்பிடத்தைக் கூற அவருடைய கைபேசிக்குத் தடையில்லை. இந்த எண் உடைய பெட்டி சிவாஜிநகரில் இந்த மூலையில் இருக்கிறது என்பது கம்பெனியின் ஏட்டில் பதிந்துவிடுகிறது. மறுநாள் சலீம் என்பவர் வந்து அதே பெஞ்சில் அமர்கிறார். அவர் எச்சரிக்கையானவர், இருப்பிடத்தைச் சொல்லாதே என்று கைபேசிக்குக் கட்டளை இட்டிருக்கிறார். கைபேசியும் அதைச் சொல்லவில்லை. ஆனால் அருகிலுள்ள பெட்டியின் எண்ணை மட்டும் அது கம்பெனிக்குக் காட்டிவிடுகிறது. ஏட்டைப் புரட்டினால் போதும், சலீம் இருக்கும் இடம் தெரிந்துவிடும். முருகன் தந்த சம்மதம் சலீமின் மறுப்பைச் செல்லாக் காசாக்கிவிட்டது. 'என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை, பார்த்துவிட்டுப் போகட்டும்' என்று நம்மில் பலர் பெருந்தன்மையாகச் சொல்கிறோம். அந்தப் பெருந்தன்மைக்கான விலையை அடுத்த பெஞ்சுக்காரர் கொடுக்கிறார்.

குழந்தைகளுக்கான செயலிகளிலும் இவ்வாறு நடந்தது என்பது குற்றச்சாட்டின் மற்றொரு பகுதி. அது ஒரு தொழில்நுட்பப் பிழையால் நேர்ந்தது என்று கம்பெனி விளக்கம் கூறியது. முடிவில் வழக்குச் சமரசமாயிற்று. 40 லட்சம் டாலர் அபராதம் கம்பெனியின் நிதி நிலையைக் கருதி 9,50,000 டாலராகக் குறைக்கப்பட்டது. அனுமதியின்றித் திரட்டிய இருப்பிட விவரங்களையும் குழந்தைகளைப் பற்றிய விவரங்களையும் அழிக்க வேண்டும் என்றும், 20 ஆண்டுகளுக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை வெளியார் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. பெங்களூரில் வளர்ந்த கம்பெனியை அமெரிக்கச் சட்டம் தட்டிக் கேட்டது. அந்த நாளில் இங்கே அதற்கு ஈடான சட்டம் இல்லை.

வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கு இதில் தனியாக ஓர் அக்கறை உண்டு. கன்னட நாட்டின் நடுவே நம் கைபேசியில் தமிழில் பட்டுச் சேலை விளம்பரம் வருகிறது. முதன்முறை கண்டபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது என்பதை மறைப்பானேன்? பிறகுதான், நான் தமிழன் என்று இதற்கு யார் சொன்னார்கள் என்ற கேள்வி எழுந்தது. யாரும் சொல்லவில்லை. நான் கேட்ட பாட்டும், படித்த செய்தியும், பொங்கலுக்கு முன் தேடிய பஸ் டிக்கெட்டும் சேர்ந்து சொல்லியிருக்கும். தாய்மொழி நமக்கு உறவு. அவர்களுடைய ஏட்டிலோ அது ஒரு குறிப்பு. சேலை விற்கப் பயன்படுகிற குறிப்பு வேறு எதற்கும் பயன்படாது என்று எவரால் உறுதி கூற முடியும்?

இது வீண் அச்சமன்று. 2022ஆம் ஆண்டு நவம்பரில் பெங்களூரில் ஒரு செய்தி வெளியாயிற்று. வாக்காளர் விழிப்புணர்வுப் பணிக்கென மாநகராட்சியின் அனுமதி பெற்ற சிலுமே என்னும் தொண்டு நிறுவனத்தின் ஆட்கள், வீடு வீடாகச் சென்று சாதி, தாய்மொழி, வேலை, தொலைபேசி எண் முதலியவற்றையும் கேட்டுப் பதிந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அனுமதி ரத்தாயிற்று, வழக்குப் பதிவாயிற்று. தேர்தல் ஆணையம் மூன்று தொகுதிகளில் வாக்காளர் பட்டியலில் சேர்த்த பெயர்களையும் நீக்கிய பெயர்களையும் மீண்டும் சரிபார்க்க ஆணையிட்டது. அம்மூன்றனுள் சிவாஜிநகரும் ஒன்று. அது விளம்பரக் கம்பெனி அன்று. ஆனாலும் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். விளம்பரக் கம்பெனி கேளாமலே அறிந்துகொள்வதை அவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்நாட்டில் தீர்ப்பானதற்கும் பெங்களூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசுவாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் உச்ச நீதிமன்றம் சென்றபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. அந்த வழக்கிலேதான் 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அவர் 2024இல் காலமானார்.

பின்னர் 2023இல் மின்னணுத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகளின் கடமைகளில் பெரும்பகுதிக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. சட்டத்தில் குறைகள் உண்டு. அரசாங்கம் தனக்கென வைத்துக்கொண்ட விலக்குகள் மிக விரிந்தவை என்பது என் அபிப்பிராயம். ஆயினும் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வசதியைக் கம்பெனி தர வேண்டும். எனவே புனாவில் இருந்தாலும் போபாலில் இருந்தாலும் தமிழில் கொடு என்று கேட்கலாம். மற்றொன்று, கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகச் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதையும், சில விலக்குகள் நீங்கலாக, சட்டம் தடுக்கிறது.

பாயின் கடையிலிருந்து வெளியே வந்த அன்றே, அருகில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனேன். இரண்டு வேட்டி வாங்கினேன். பணம் கட்டும் இடத்தில் இருந்த பெண் தொலைபேசி எண்ணைக் கேட்டாள். ரொக்கமாகத் தருகிறேன், எண் எதற்கு என்றேன். வாங்குபவரை எண் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே அறிவுறுத்தியிருக்கிறது என்பதையும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. "எண் போடாவிட்டால் இந்த மெஷின் நகராது சார். பரவாயில்லை, என் நம்பரையே போட்டுக்கொள்கிறேன்" என்று தட்டினாள். எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வேட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவளுடைய கைபேசிக்கு இப்போது வேட்டி விளம்பரங்கள் வந்துகொண்டிருக்கும்.