பெரியப்பாவின் முழங்கால்: ராணுவம் தரும் படிப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் அழைத்தார்கள். மன்னிக்க வேண்டும், நான் வேறொன்றைப் பேசப் போகிறேன். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் சித்தப்பா மகன் ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணா, அக்னிவீர்ல சேர்ந்தா சம்பளமும் வருது, டிகிரியும் வாங்கிக்கலாமாம். அப்புறம் எதுக்கு நான் இங்க ஃபீஸ் கட்டிட்டு, ஸ்காலர்ஷிப் எப்ப வரும்னு காத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்?"

சட்டென்று பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஏனென்றால் நானே ராணுவம் படிக்க வைத்த பிள்ளைதான்.

எங்கள் ஊர் வேலூர் பக்கம். எங்கள் காலனியில் தெருவுக்கு இரண்டு மூன்று மிலிட்டரிக்காரர் வீடுகள் இருக்கும். என் பெரியப்பா 24 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மாதம் பிறந்தால் வங்கிக்குப் போய் பென்ஷன் எடுத்து வருவார். அந்தப் பணத்தில்தான் அவருடைய இரண்டு பிள்ளைகள், நான், என் அக்கா என நான்கு பேர் பட்டம் வாங்கினோம். நான் பி.ஏ. சேர்ந்த அன்று, "சர்க்கார் உங்களைப் படிக்க வைக்குது பெரியப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சர்க்கார் சும்மா ஒண்ணும் குடுக்கலடா. முழங்காலைக் குடுத்து வாங்கினேன்" என்றார். பனிமலையில் காவல் நின்ற காலத்தில் கெட்டுப்போன முழங்கால் அது. கடைசிவரை சம்மணமிட்டு உட்கார அவரால் முடியவில்லை.

அவர் சொன்னதைத்தான் இன்று கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன். ராணுவம் படிக்க வைக்கிறது என்று கேள்விப்பட்டால் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். யார் முதலில் கொடுக்கிறார்கள்? பாதியில் விட்டால் என்ன ஆகும்? எல்லாம் முடிந்தபின் கையில் என்ன மிஞ்சும்?

இந்த ஏற்பாடு மிக விரிவாக வளர்ந்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கிருந்து தொடங்குகிறேன்.

அங்கே இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் அரசு முதலில் கொடுக்கிறது, மாணவர் பிறகு திருப்பித் தருகிறார். இதற்கு ஆர்.ஓ.டி.சி. என்று பெயர். 1916ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் உருவானது. நம் என்.சி.சி. போலக் கல்லூரிக்குள்ளேயே பயிற்சி நடக்கும். ஆனால் உதவித்தொகைக்குத் தேர்வாகும் மாணவருக்குக் கல்லூரிக் கட்டணத்தை ராணுவமே கட்டிவிடும். புத்தகத்துக்குத் தனிப் பணம், மாதச் செலவுக்குத் தனிப் பணம். பட்டம் வாங்கியதும் அதிகாரியாகப் பணியில் சேர வேண்டும். பொறுப்பு மொத்தம் எட்டு ஆண்டுகள். வழக்கமாக நான்கு ஆண்டுகள் முழுநேரப் பணி, மீதி ரிசர்வ் படையில். முதலாம் ஆண்டுக்குள் விலகினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தை முறித்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அல்லது சாதாரணச் சிப்பாயாகப் பணியாற்றிக் கழிக்க வேண்டும்.

இதைக் கவனியுங்கள். வீட்டில் பணம் இருக்கும் மாணவனுக்கு மனம் மாறினால் அப்பா காசோலை எழுதிக் கொடுப்பார், அவன் வெளியே வந்துவிடுவான். பணம் இல்லாதவனுக்கு உடம்புதான் காசோலை. இருவரும் கையெழுத்திட்டது ஒரே காகிதத்தில்தான். நம் நாட்டிலும் புனே ராணுவ மருத்துவக் கல்லூரி இதே முறையில்தான் நடக்கிறது. படிப்பு இலவசம், முடித்ததும் ராணுவ மருத்துவராகப் பணி. வேண்டாம் என்றால் பத்திரத்தில் எழுதிய தொகையைக் கட்ட வேண்டும்.

இரண்டாவது வழியில் வரிசை தலைகீழ். முதலில் நீ கொடு, பிறகு அரசு கொடுக்கும். 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஜி.ஐ. சட்டம் இப்படிப்பட்டது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணம், தனியாளுக்கு மாதம் 50 டாலர் செலவுப் பணம். அந்தக் காலத்தில் பெரும்பாலான கல்லூரிகளுக்கு அந்த 500 டாலர் போதுமானது. சுமார் 22 லட்சம் பேர் இதன் வழியாகக் கல்லூரிக்குப் போனார்கள். 1947இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். உழைக்கும் குடும்பத்து வெள்ளையின இளைஞர்கள் பொறியாளராகவும் ஆசிரியராகவும் மாறிய தலைமுறை அது.

சரி, அதே போரில் சண்டையிட்ட கறுப்பின வீரர்கள்?

சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அதைச் செயல்படுத்தும் பொறுப்பு உள்ளூர் அலுவலகங்களிடமும் கல்லூரிகளிடமும் இருந்தது. நாடாளுமன்றத்தில் இந்தச் சட்டத்தைக் கையாண்ட குழுவின் தலைவர் மிசிசிப்பியைச் சேர்ந்த ஜான் ராங்கின். இனப் பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்தவர். அதிகாரம் உள்ளூர்க்காரர்களிடமே இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர். தென் மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கென்று இருந்த கல்லூரிகள் சிறியவை. அங்கே இடமில்லாமல் ஆயிரக்கணக்கான வீரர்கள் திரும்பிப் போனார்கள். கட்டணத்துக்கு அரசு பணம் தயாராக இருந்தது, கதவுதான் திறக்கவில்லை.

மெட்கர் எவர்ஸ் இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் பணியாற்றியவர். 1954இல் மிசிசிப்பி பல்கலைக்கழகச் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். நிராகரித்தார்கள். ஜேம்ஸ் மெரிடித் விமானப்படையில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியவர். அதே பல்கலைக்கழகத்தில் 1962இல் அவர் காலடி வைக்க, மத்திய அரசு படையை அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் கலவரத்தில் இரண்டு பேர் செத்தார்கள். விலையை முன்கூட்டியே கட்டிவிட்ட ஒருவருக்கு, தன் சொந்த மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில் பொருள் கிடைக்கவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு வேறொரு குடும்பம் நினைவுக்கு வரும். உங்களுக்கும் வந்திருக்கும்.

பாபாசாகேப் பிறந்தது மாவ் ராணுவக் குடியிருப்பில், 1891 ஏப்ரல் 14. அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியில் ஆசிரியர். ஊர்ப் பள்ளிக்கூடம் நம் பிள்ளைகளை உள்ளே விடாத காலத்தில், ராணுவம் தன் சிப்பாய்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு கொடுத்தது. அம்பேத்கரே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ்காரர்களின் கருணை என்று இதை நினைத்துவிட வேண்டாம். அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது, அதற்கு மகர் சிப்பாய்கள் ரத்தத்தால் விலை கொடுத்தார்கள். தேவை தீர்ந்ததும் என்ன ஆனது? சில சாதிகள் மட்டுமே 'போர்க்குடிகள்' என்ற கொள்கை வந்தது. 1892 வாக்கில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். ஒரு தலைமுறைக்குத் திறந்த கதவு அடுத்த தலைமுறைக்கு மூடிக்கொண்டது. நம் மக்கள் மனு மேல் மனு எழுதினார்கள். மகர் ரெஜிமெண்ட் என்று ஒன்று உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் குடும்பத்தின் அடுத்த அத்தியாயமும் ஓர் ஒப்பந்தம்தான். இது ராணுவ ஒப்பந்தம் இல்லை, பரோடா சமஸ்தானத்துடையது. 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. படிப்பு முடிந்ததும் பத்து ஆண்டுகள் சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. 1917இல் சொன்ன சொல்லைக் காப்பாற்ற அம்பேத்கர் பரோடா போனார். அலுவலகத்தில் கோப்புகளைத் தொட்டுக் கொடுக்காமல் தூர நின்று வீசினார்கள் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து துரத்தியது. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ரயிலேறியதை அவரே எழுதியிருக்கிறார்.

பத்து ஆண்டு உழைத்துக் கடனைத் தீர்க்க அவர் தயாராக இருந்தார். சாதி அவரைத் தீர்க்க விடவில்லை. படிப்புக்குப் பதில் பணி என்ற ஒப்பந்தம், இரண்டு பக்கமும் சமம் என்று நினைத்துக்கொண்டு எழுதப்படுகிறது. கையெழுத்திடுகிறவனுக்கு வீடு கிடைக்குமா, தண்ணீர் கிடைக்குமா என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் எழுதப்படுவதில்லை.

இப்போது என் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அக்னிபத் திட்டம் 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டது. பணிக்காலம் நான்கு ஆண்டு. நான்கு பேரில் ஒருவர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார். முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய், கைக்கு வருவது 21,000. மீதி 9,000 ஒரு நிதிக்குப் போகும், அரசும் அதே அளவு போடும். நான்கு ஆண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கிடைக்கும். அதன் அசலில் பாதி அவன் சம்பளத்தில் பிடித்த பணமே. பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை.

படிப்பு? இக்னோ பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டுப் பட்டம் ஒன்று இவர்களுக்கென்று அறிவிக்கப்பட்டது. ராணுவப் பயிற்சியே பாதி மதிப்பெண் புள்ளிகளுக்குக் கணக்காகும். மீதியைப் பாடங்கள் படித்து வாங்க வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால் எல்லையில் காவல் நின்றுகொண்டே அஞ்சல் வழியில் படிக்கும் பட்டமும், தேசியப் பாதுகாப்பு அகாடமியில் அதிகாரியாவதற்காக மூன்று ஆண்டு தங்கிப் படிக்கும் ஜே.என்.யூ. பட்டமும் ஒன்றல்ல. அந்த அகாடமிச் சேர்க்கையில் நமக்கு இடஒதுக்கீடு கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் மூன்று கேள்விகளை இங்கே போட்டுப் பார்க்கிறேன். முதலில் கொடுப்பது யார்? 17½ வயதிலிருந்தே சேரக்கூடிய பையன். கல்லூரிக்குப் போகும் வயதைத்தான் கொடுக்கிறான். பாதியில் விட்டால்? தன் விருப்பத்துக்கு விட்டு வர முடியாது. முடிந்தபின் மிஞ்சுவது? இந்த மூன்றாவது கேள்விதான் என்னை உறுத்துகிறது.

சிப்பாய்களுக்கு 15 ஆண்டுப் பணி இருந்தால்தான் பென்ஷன். என் பெரியப்பாவுக்குப் பட்டம் கிடையாது. ஆனால் அவருடைய பென்ஷன் நான்கு பட்டங்களை வாங்கியது. அமெரிக்காவிலும் இப்போதுள்ள ஜி.ஐ. சட்டத்தில், நிபந்தனைகளோடு கல்வி உதவியைப் பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுக்கலாம். ராணுவப் பணம் என்றால் எங்கள் காலனியில் அர்த்தம் இதுதான்: அப்பன் கொடுத்த விலைக்குப் பிள்ளை படிப்பான். அக்னிபத் இந்தக் கண்ணியை வெட்டிவிட்டது. 11.71 லட்சம் எங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பழைய கடன், தங்கை கல்யாணம், ஒழுகும் கூரை. மாதாமாதம் வருவதும் ஒரே நாளில் வருவதும் ஏழை வீட்டில் ஒன்றல்ல.

என் ஆய்வுக்கு உதவித்தொகை வருகிறது. தாமதமாக வருகிறது, ஆனால் வருகிறது. பதிலுக்கு இத்தனை ஆண்டு உழைக்க வேண்டும் என்று யாரும் என்னிடம் பத்திரம் எழுதி வாங்கவில்லை. இதைத்தான் சிலர் 'இலவசம்' என்றும் 'சலுகை' என்றும் கேலி செய்கிறார்கள். உடம்பைக் கொடுத்துப் படித்தால் மரியாதை, உரிமையாகப் படித்தால் ஏளனம். நம் பிள்ளைகள் ஏற்கெனவே கொடுத்துவிட்ட விலையை, தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் செய்த வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ராணுவத்துக்குப் போகாதே என்று நான் தம்பியிடம் சொல்லவில்லை. பெரியப்பாவின் பென்ஷனில் படித்துவிட்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "போறதுன்னா டிகிரியை முடிச்சிட்டுப் போ. ஃபீஸுக்கு நான் பார்த்துக்கிறேன்" என்றேன். வயது வரம்பைக் கணக்குப் போட்டுவிட்டு, "அதுக்குள்ள வயசு தாண்டிடும்ணா" என்றான். அவன் சொன்னது சரி. படிப்பா, பணியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித்தான் அந்த வயது வைக்கப்பட்டிருக்கிறது.

அண்ணன் ஒருவன் ஃபீஸ் கட்டுவதால் இது தீராது. அவனை முகாமுக்கு அனுப்பப் பார்ப்பது தேசபக்தி மட்டுமல்ல, ஆண்டு முடியும்வரை வராத போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும்தான். ஆகவே இரண்டு கோரிக்கைகள். உதவித்தொகை கல்லூரி திறக்கும் மாதத்திலேயே மாணவர் கையில் இருக்க வேண்டும். நான்கு ஆண்டு பணியாற்றி வெளியே வரும் ஒவ்வொருவருக்கும் பணிக்கொடையும், வழக்கமான கல்லூரியில் கட்டணமின்றிப் படிக்கும் உரிமையும் வேண்டும். தரைப்படையின் முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சியைத் தொடங்கியது. அவர்களின் நான்கு ஆண்டு எப்போது முடியும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அவர்கள் ஊர் திரும்பும்போது இந்தக் கேள்வியைக் கேட்க நாம் தயாராக இருக்க வேண்டும்.

தம்பி இன்னும் முடிவு செய்யவில்லை. விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருக்கிறான். பத்து மணிக்குக் கல்லூரிக்கும் போகிறான்.